சிஸ்டரின் சம்பளம் யாருக்குச் சொந்தம்? துறவற சபையும் டிடிஎஸ் தீர்ப்பும்

அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிகளில் வேலை பார்க்கும் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள், குருக்களின் சம்பளத்தில் டிடிஎஸ், அதாவது சம்பளம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி, பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் கொடுத்த தீர்ப்பை எதிர்த்துப் போனவை உட்பட 90க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் அன்றைக்குத் தள்ளுபடி ஆயின.

அதற்குப் பிறகு சென்னையின் கோயில் பங்குகளின் (பாரிஷ்களின்) வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு கேள்விகள் மாறி மாறி வருகின்றன. "ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவரிடம் போய் வரியா?" என்பது ஒன்று (வார்த்தைப்பாடு என்றால் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு). "அப்படியென்றால் இத்தனை வருஷமாக வரியே கட்டவில்லையா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் தெரிய வேண்டுமானால், துறவிகள் சேர்ந்து வாழும் துறவற சபை என்பது உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வருமான வரிக்குக் கடைசியில் வருவோம்.

யார் யார்?

வெள்ளை அங்கி போட்டவர் எல்லாம் ஒரே வகை இல்லை. பங்குக் கோயிலில் பூசை வைக்கும் சாமியார் பெரும்பாலும் மறைமாவட்டக் குருவாக இருப்பார். மறைமாவட்டத்தின் தலைவரான ஆயருக்கு (பிஷப்புக்கு) கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், திருமணம் செய்வதில்லை. ஆனால் ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்குக் கிடையாது. அப்பா எழுதிவைத்த வீடு, சொந்தப் பெயரில் வங்கிச் சேமிப்பு எல்லாம் அவருக்கு இருக்கலாம். இதில் தவறு ஒன்றும் இல்லை. அவர் அதைத் துறப்பதாகச் சொல்லவே இல்லை.

லொயோலா கல்லூரியில் பார்க்கும் சாமியார் வேறு. அவர் இயேசு சபையைச் சேர்ந்தவர். எழும்பூர் டான் பாஸ்கோவில் இருப்பவர் சலேசிய சபை. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நடத்தும் சிஸ்டர்கள் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை. இவர்கள்தான் துறவிகள். குருக்களாகவும் இருக்கலாம், குருப்பட்டம் பெறாத பிரதர்களாகவும் இருக்கலாம். பெண்களின் சபை என்றால் எல்லோரும் சிஸ்டர்கள்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சில சபைகள் ரோமின் நேரடி அங்கீகாரம் பெற்றவை. சில, ஓர் ஆயரின் அதிகாரத்துக்குள் தொடங்கி அங்கேயே இருப்பவை. முதல் வகைச் சபையின் உள்விவகாரத்தில் ஆயர் தலையிட முடியாது. அந்தச் சபை தம் மறைமாவட்டத்தில் மடம் திறக்க அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், வெளியே செய்யும் மறைப்பணியில் அவர் பேச்சைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். மடத்தின் சொத்து மறைமாவட்டச் சொத்து ஆகாது. பேராயர் நினைத்தால் ஒரு கான்வென்டை விற்றுவிடலாம் என்று பேசிக்கொள்வதெல்லாம் சும்மா.

வார்த்தைப்பாடு வரை நான்கு படிகள்

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். இந்த மூன்று வார்த்தைப்பாடுகள்தான் துறவற வாழ்வின் அடித்தளம். அங்கி மாறும், மொழி மாறும், வேலை மாறும், இவை மாறுவதில்லை. சில சபைகளில் நான்காவது ஒன்றும் சேரும். இயேசு சபையில் மறைப்பணிக்காகத் திருத்தந்தை (போப்) அனுப்பும் இடத்துக்குப் போவதாக ஒரு வார்த்தைப்பாடு. அன்னை தெரசாவின் சபையில் ஏழைகளிலும் ஏழைகளுக்கு இலவசமாக ஊழியம் செய்வதாக ஒன்று.

ஒரு பெண் மடத்தில் சேர்ந்த மறுநாளே கன்னியாஸ்திரி ஆகிவிடுவதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் படிகளைத் தெளிவாக வைத்திருக்கிறது:

1. முன்பயிற்சி. சபைக்குச் சபை கால அளவு வேறு. வீட்டுக்குப் போய்வரலாம், படிப்பைத் தொடரலாம்.

2. நவதுறவு, அதாவது நொவிஷியேட். 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 12 மாதம் நவதுறவகத்திலேயே தங்க வேண்டும். அந்த 12 மாதம் இல்லையென்றால் அடுத்து எடுக்கும் வார்த்தைப்பாடே செல்லாது.

3. முதல் வார்த்தைப்பாடு. இது தற்காலிகம். 3 முதல் 6 ஆண்டு வரை, தேவைப்பட்டால் மொத்தம் 9 ஆண்டு வரை நீட்டலாம். காலம் முடிந்ததும் "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். யாரும் தடுக்க முடியாது.

4. நித்திய வார்த்தைப்பாடு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இதற்கு முன்பாக, நாட்டின் சட்டப்படி செல்லக்கூடிய ஓர் உயில் எழுதிவைக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது.

அந்த உயிலைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் துறந்தவருக்கு உயில் எதற்கு? ஏழ்மை வார்த்தைப்பாட்டின் நுட்பமே இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஏழ்மை என்றால் சரியாக என்ன?

திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் விதி ஒரு துறவியின் பொருளை இரண்டாகப் பிரிக்கிறது.

ஒன்று, பிறந்த வீட்டிலிருந்து வருவது. பெரும்பாலான சபைகளில் சிஸ்டர் இதன் உரிமையை இழப்பதில்லை. நிர்வாகத்தையும் பலனை அனுபவிப்பதையும்தான் விட்டுக்கொடுக்கிறார். அதாவது, அப்பாவின் நிலத்தில் ஒரு பங்கு அவர் பெயரில் பட்டாவாக இருக்கலாம். ஆனால் அதன் விளைச்சலை அவர் தொடக் கூடாது, யார் பார்த்துக்கொள்வது என்று முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்பே எழுதிக்கொடுத்துவிட வேண்டும். உயில் இதற்காகத்தான். துறவிகள் வெளியே வராமல் வாழும் அடைபட்ட மடங்கள் போன்ற சில இடங்களில் உரிமையையே முற்றாகத் துறக்கும் வழக்கமும் உண்டு. அப்படித் துறந்தவர் அதன் பிறகு செய்யும் சொத்துப் பரிமாற்றம் திருச்சபையின் பார்வையில் செல்லாது.

இரண்டு, துறவியான பிறகு உழைத்துச் சம்பாதிப்பது. இதில் பேச்சுக்கே இடமில்லை. சம்பளம், ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை, மாணவி கையில் வைத்த அன்பளிப்பு, எல்லாம் சபைக்கு. "சபைக்குக் கொடுக்கிறார்" என்றுகூடத் திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. அவர் சம்பாதிப்பதே சபைக்காக. தொடக்கத்திலிருந்தே அது சபையுடையது என்பதுதான் நிலைப்பாடு. வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியில்தான் சுற்றியது.

நடைமுறையில் இது இப்படி நடக்கும். மாதச் சம்பளம் வந்ததும் மடத்தின் பொதுக் கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். பொருளாளர் சிஸ்டரிடம் ஒரு சில்லறைச் செலவு நோட்டு இருக்கும். பஸ் காசு, பிரஷர் மாத்திரை, செருப்பு, அங்கி தைத்த கூலி எல்லாம் கேட்டு வாங்க வேண்டும்; மாதக் கடைசியில் மீதிச் சில்லறையோடு கணக்கு ஒப்படைக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக 80 ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவர், தமக்கு ஒரு மூக்குக் கண்ணாடி மாற்றச் சாயங்காலம் மடத்துத் தலைவியிடம் அனுமதி கேட்டு நிற்பார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அதே மடத்தில் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும், சம்பளமே வராத சிஸ்டருக்கும் அதே கண்ணாடி, அதே நடைமுறைதான். பட்டம் பெற்றவர், பெறாதவர் என்ற பிரிவினை சாப்பாட்டு மேசைக்கு வராமல் தடுப்பது இந்த நோட்டுதான் என்று நான் நினைக்கிறேன். எல்லா மடங்களிலும் அது முழுசாக வெற்றி பெறுகிறது என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள்

விடியற்காலை ஐந்துக்கு மணி அடித்துவிடும். தியானம், காலைத் திருப்புகழ்மாலை, திருப்பலி. அப்புறம்தான் காபி. எட்டு மணிக்குப் பள்ளியோ மருத்துவமனையோ. மதியம் ஒரு சிறு செபம். சாயங்காலம் நற்கருணை ஆராதனை, செபமாலை, மாலைத் திருப்புகழ்மாலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச நேரம் பேச்சு, சிரிப்பு. இரவுச் செபத்துக்குப் பிறகு மறுநாள் காலை வரை மௌனம். ஆண்டுக்கு ஒருமுறை சில நாள் தியானம், கட்டாயம். ஒவ்வொருவரும் தம் சபையின் இல்லத்தில்தான் தங்க வேண்டும்; நீண்ட காலம் வெளியே இருக்கத் தலைவியின் அனுமதி வேண்டும்.

பள்ளி வேலை இந்த நாளின் நடுவில் இருக்கும் ஒரு பகுதி மட்டுமே. வெளியே இருக்கும் நமக்குத் தெரிவது அந்தப் பகுதிதான் என்பதால், கான்வென்ட் என்றால் பள்ளிக்கூடம் என்றே பொருளாகிவிட்டது.

சென்னைக்கு வந்த கதை, சுருக்கமாக

மதராஸில் கத்தோலிக்கத் துறவிகள் கால் பதித்தது 17ஆம் நூற்றாண்டில். பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எப்ரேம் 1642இல் வந்தார். ஜார்ஜ் டவுன் அர்மேனியன் தெருவில் இருக்கும் மரியன்னை இணைப் பேராலயம் அந்தக் கப்புச்சின்களின் பணியில் வேர் கொண்டது. பெண் துறவிகள் வர இன்னும் 200 வருஷம் ஆனது. அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சிஸ்டர்கள் 1842இல் கப்பலில் வந்து இறங்கினார்கள். நானோ நேகிள் என்ற பெண் 1775இல் கார்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சபை அது. ஜெயலலிதா படித்த சர்ச் பார்க் கான்வென்ட் அவர்களுடையதுதான், 1909இல் தொடங்கியது.

எல்லாமே ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். ஞானம்மா என்ற தெலுங்குப் பெண்மணி, கணவரை இழந்தவர், பிள்ளைகள் பெற்ற தாய், 1863இல் சென்னைக்கு மேற்கே கீழச்சேரியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். புனித அன்னம்மாள் பெயர் கொண்ட சபை அதிலிருந்து வளர்ந்தது. ஸ்டெல்லா மாரிஸை 1947இல் தொடங்கிய சபைகூட 1877இல் ஊட்டியில் பிறந்ததுதான். நிறுவியவர் பிரெஞ்சுக்காரர், பிறந்த மண் நீலகிரி.

இயேசு சபையினர் 1925இல் லொயோலாவைத் திறந்தார்கள். சலேசியர்கள் வியாசர்பாடியில் ஏழைகளுக்காகக் கட்டிய பீட்டிட்யூட்ஸ் சமூகப் பணி மையம் போன்ற இடங்கள் கல்லூரிகள் அளவுக்குப் பேசப்படுவதில்லை. சபை என்றாலே பெரிய பள்ளி, பெரிய காம்பவுண்டுச் சுவர் என்று நம் மனத்தில் பதிந்திருப்பதற்கு நகர நடுத்தர வர்க்கம் அந்தப் பள்ளிகளில் சீட் தேடி அலைந்ததும் ஒரு காரணம்.

"பாரம்பரியச் சபை" என்பது எது?

இப்போது இணையத்தில் இந்தச் சொல் அதிகம் புழங்குகிறது. இரண்டு பொருளில் வருகிறது; குழப்பிக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன வார்த்தைப்பாடு, பொதுவாழ்வு, ஒழுங்கான செபம் ஆகியவற்றைப் பழைய கண்டிப்போடு கடைப்பிடிக்கும் சபை என்பது ஒரு பொருள். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவற வாழ்வைக் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கச் சொன்ன பிறகு, இந்தியாவில் பல சபைகள் ஐரோப்பிய அங்கியை விட்டுச் சேலைக்கு மாறின. மாறாதவையும் உண்டு.

மற்றொன்று, இலத்தீன் பழைய பூசையைத் தொடரும் குழுக்கள். பேராயர் லெபவ்ர் 1970இல் நிறுவிய பத்தாம் பயஸ் சகோதரத்துவம் இதில் முதன்மையானது. 1988இல் அவர் திருத்தந்தையின் அனுமதி இல்லாமல் நான்கு குருக்களை ஆயர்களாகத் திருப்பொழிவு செய்தபோது, உடன்படாத சில குருக்கள் பிரிந்துவந்து ரோமின் அங்கீகாரத்தோடு புனித பேதுரு சகோதரத்துவத்தைத் தொடங்கினார்கள். இந்த இரண்டிலும் உள்ள குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. எனவே பூசை எவ்வளவு பழையதாக இருந்தாலும், நம் வழக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

வரி: 1944 முதல் 2024 வரை

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் 1944இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. மறைப்பணியாளர் பெறும் கட்டணங்களும் பிற ஈட்டங்களும், சபை விதிப்படி சபைக்கே போய்ச் சேர வேண்டியவை என்றால், அவர் கையில் அதற்கு வரி இல்லை என்றது அது. பல பத்தாண்டுகள் இதை வைத்தே சிஸ்டர்களின் சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்காமல் இருந்தார்கள். ஆகவே "இத்தனை வருஷமாக ஏய்த்தார்களா" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: இல்லை, அரசின் தாளை நம்பி இருந்தார்கள்.

பிறகு வருமான வரித் துறை நிலைப்பாட்டை மாற்றியது. சபைகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. தனி நீதிபதி முன் வென்றன. அரசு மேல்முறையீடு செய்தது. 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது. காரணங்களை வரிசையாகப் பார்த்தால் புரியும்:

1. சம்பளம் யாருக்குத் தரப்படுகிறது? அரசுக் கருவூலம் தருவது ஆசிரியை என்ற தனி நபருக்கு. பணி நியமனம் அவர் பெயரில், தகுதிச் சான்று அவருடையது.

2. 1944 சுற்றறிக்கை கட்டணம், ஈட்டம் என்றுதான் சொல்கிறது. சம்பளம், ஓய்வூதியம் என்று சொல்லவில்லை.

3. வருமானம் ஒருவர் கைக்கு வருவதற்கு முன்பே வேறொருவருக்குத் திரும்பிவிட்டால் அவருக்கு வரி இல்லை. கைக்கு வந்த பிறகு கடமைப்பட்டு எடுத்துக்கொடுத்தால் வரி உண்டு. 1960இல் சீதல்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இது. சிஸ்டரின் சம்பளம் இரண்டாம் வகை என்று முடிவானது.

4. துறவி உலகுக்கு இறந்தவர், அதனால் அவருக்கென்று வருமானமே இல்லை என்று சபைகள் வாதிட்டன. அது திருச்சபைச் சட்டத்தின் கற்பனை. வருமான வரிச் சட்டம் அதை ஏற்காது என்றது நீதிமன்றம்.

நான்காவது பற்றி ஒரு வார்த்தை. இந்து சட்டத்தில் சந்நியாசம் வாங்கியவர் குடும்பச் சொத்து விஷயத்தில் இறந்தவராகவே கருதப்படுவார். இந்தியக் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. மடத்தில் சேர்ந்த மகளுக்கும் அப்பா சொத்தில் பங்கு உண்டு. அண்ணன்கள் "நீதான் கன்னியாஸ்திரி ஆயிட்டியே" என்று சொல்லி ஒதுக்கினால் அது வழக்கமே தவிர, சட்டம் இல்லை.

பணக் கணக்கில் எவ்வளவு?

2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 ரூபாய் தனி. எனவே மாதம் 90,000 ரூபாய் வாங்கும் சிஸ்டருக்கு வரி பூஜ்யம். மாதம் 1,20,000 வாங்கும் மூத்த ஆசிரியைக்கு ஆண்டுச் சம்பளம் 14.4 லட்சம், கழிவு போக 13.65 லட்சம், செஸ் சேர்த்து வரி 88,140 ரூபாய். சபையே பெறும் வருமானமாக இது கருதப்பட்டிருந்தால், பதிவு பெற்ற அறநிறுவனம் என்ற முறையில் விலக்குக் கிடைத்திருக்கும். சபைகள் ஏன் இவ்வளவு தூரம் வழக்காடின என்பதற்கு இதுவும் காரணம். மடத்தில் படுக்கையில் இருக்கும் வயதான சிஸ்டர்களின் மருந்துச் செலவும் இளையவர்களின் படிப்புச் செலவும் சம்பளம் வாங்கும் சிலரை நம்பித்தான் இருக்கின்றன.

எல்லாச் சபைக்கும் இது பிரச்சினை இல்லை. சுயநிதி மெட்ரிக் பள்ளியில் சபையே முதலாளி. அரசுச் சம்பளம் வருவதில்லை. அன்னை தெரசாவின் சிஸ்டர்கள் சம்பள வேலைக்கே போவதில்லை. அடைபட்ட மடத்தினருக்கும் அப்படித்தான். அடி விழுந்தது அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி நடத்தும் பழைய சபைகளுக்கு.

வெளியே வந்தால்?

தீர்ப்பை மதத்தின் மீதான தாக்குதல் என்று எழுதியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. சிஸ்டரைத் தனி ஆளாகப் பார்ப்பதால்தான் அரசு அவரிடம் வரி பிடிக்கிறது. அதே பார்வைதான், அவர் ஒரு நாள் சபையை விட்டு வெளியேறினால், அவருக்குக் கைகொடுக்கிறது. ஆசிரியை வேலை அவருடையது, வருங்கால வைப்பு நிதி அவருடையது, ஓய்வூதியம் அவர் பெயரில் வரும். நீதிமன்றம் "இந்தச் சம்பளம் சபையுடையதுதான்" என்று சொல்லியிருந்தால், வெளியேறுகிறவரின் நிலை என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். சபைகளின் வாதம் ஆன்மிக ரீதியில் நேர்மையானது. ஆனால் அது வென்றிருந்தால் பலவீனமாகியிருப்பவர் ஒரு தனிப் பெண். எனக்குத் தீர்ப்பு சரி என்றே படுகிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு சம்பளம் வாங்கியவருக்கு மட்டும். 30 வருஷம் மடத்தின் சமையலறையையும் விடுதியையும் கவனித்த சிஸ்டர் வெளியேறினால், அவர் பெயரில் ஒரு வைப்பு நிதிக் கணக்குகூட இருக்காது. திருச்சபைச் சட்டம் 702 இரண்டு பகுதியாக இதைப் பேசுகிறது. சபையில் செய்த வேலைக்கு வெளியேறுகிறவர் எதுவும் உரிமையாகக் கேட்க முடியாது என்பது முதல் பகுதி. அவரிடம் சபை நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. எவ்வளவு, எப்போது, எந்த அளவுகோலில் என்று அதில் எழுதவில்லை. அதைத் தீர்மானிப்பது அந்தந்தச் சபையின் ஒழுங்குகளும் அவருடைய தலைவியும்தான்.